பேசத் தெரியாத உறுப்புக்கு விலாசம் எழுதுவது யார்?



2023ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறைக்குப் பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் இருக்கும் என் தங்கை வீட்டிற்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைத்ததுமே தங்கை ஒரு வழக்கோடு காத்திருந்தாள். ஐந்தாம் படிவம் படிக்கும் மகளுக்காகப் பட்டணத்துக் கடையொன்றில் 650 வெள்ளிக்குப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். கடைக்காரர் அதிலிருந்த விண்டோஸை அழித்துவிட்டு, உரிமப்பணம் கட்டத் தேவையில்லாத லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தன, ஒன்றைத் தவிர. எழுத்து விசைகளுக்குக் கீழே விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்தும் பலகை ஒன்று உண்டல்லவா? டச்பேட் என்பார்கள். அது அசையவில்லை.

"பலகை செத்துவிட்டது, புதிது போட வேண்டும்" என்றார் கடைக்காரர். 180 வெள்ளி. போட்டார்கள். புதுப்பலகையும் அசையவில்லை. "அப்படியானால் உள்ளே இருக்கும் தாய்ப்பலகைதான் போயிருக்கிறது. 400 வெள்ளி ஆகும்" என்று அடுத்த தீர்ப்பு வந்தது.

"அண்ணே, ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. இனிமேலும் கொடுப்பதா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்" என்று தங்கை கேட்டாள்.

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். பலகை சாகவில்லை. தாய்ப்பலகையும் போகவில்லை. அந்தப் பலகை எந்தக் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று கணினிக்குள் எழுதி வைத்திருந்த குறிப்பில் ஒரு வரி தவறாக இருந்தது. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அப்படியொரு குறிப்பு உள்ளே இருப்பதே அவருக்குத் தெரியாது.

என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் காலத்துப் பிரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். இருட்டு விலகுமுன் ஆட்கள் கூடி நிற்பார்கள். கிராணியார் செக்ரோல் புத்தகத்தை விரித்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் குரல் கொடுப்பார். நேற்று வேலைக்குச் சேர்ந்த புதுக் கிராணியாக இருந்தாலும், வந்திருப்பவர் யார் என்று அவரவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் யாருக்கு எந்த நிரை? அதை மரத்திடம் போய்க் கேட்க முடியுமா? "நான் முனியம்மாவின் நிரையைச் சேர்ந்த மரம்" என்று எந்த மரமாவது சொல்லுமா? யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. அந்தப் புத்தகத்தில் எண் மாறிப்போனால், ஆள் இருப்பார், மரமும் இருக்கும். பால் மட்டும் வாளிக்கு வராது.

கணினிக்குள்ளும் இதே கதைதான். அதன் உறுப்புகளில் வாயுள்ளவை உண்டு, வாயில்லாதவையும் உண்டு.

நீங்கள் கடையில் வாங்கும் பென்டிரைவ் வாயுள்ள வகை. சொருகியவுடன் தன்னைச் செய்த நிறுவனத்தின் எண் என்ன, தன் சரக்கு எண் என்ன, தான் எந்த வேலைக்கு வந்திருக்கிறேன் என்று கணினியிடம் தானே ஒப்பித்துவிடும். யூ.எஸ்.பி. இணைப்பில் வரும் எல்லாப் பொருள்களும் அப்படியே. தாய்ப்பலகையில் பி.சி.ஐ. என்னும் பாதையில் பொருத்தப்படும் அட்டைகளும் அப்படியே. இவற்றுக்கு யாரும் விலாசம் எழுதித் தர வேண்டியதில்லை.

வாயில்லாத வகைக்கு நல்ல உதாரணம் ஐ-டூ-சி என்னும் இணைப்பு. 1982இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தார் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காகச் செய்த மலிவான ஏற்பாடு இது. இரண்டே கம்பிகள். ஒன்றில் செய்தி போகும்; மற்றொன்று தாளம் போடும். அந்த இரண்டு கம்பிகளிலேயே பல சில்லுகளைக் கோத்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மொத்தம் 128 எண்கள். அவற்றுள் 16 வேறு காரியங்களுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால் மிஞ்சுவது 112. ஓர் எண்ணைக் கூப்பிட்டால் அந்த எண்ணுக்குரிய சில்லு "உம்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். அவ்வளவுதான். "நான் இன்னார், இன்ன வேலை செய்பவன்" என்று சொல்ல அதற்குத் தெரியாது. வேறு வேறு நிறுவனங்கள் செய்யும் வேறு வேறு சில்லுகளுக்கு ஒரே எண் இருப்பதும் சாதாரணம். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் டச்பேட் இந்த இரண்டு கம்பிகளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"எழுதி வைப்பானேன்? 112 எண்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்துவிடலாமே?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. புது வீட்டிற்குக் குடிபோனால், எந்த சுவிட்சு எந்த விளக்குக்கு என்று தட்டித் தட்டித்தானே பார்க்கிறோம்? ஆனால் கணினியில் அப்படித் தட்டிப் பார்த்ததால் வந்த வினை ஒன்று பதிவாகியிருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், கணினியின் வெப்பத்தை அளக்கும் சில்லு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு லினக்ஸில் ஓர் இலவச மென்பொருள் இருந்தது. அது எண் எண்ணாகத் தட்டிப் பார்க்கும். ஐ.பி.எம். நிறுவனத்தின் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில், இயந்திரம் உயிர்பெறுவதற்குத் தேவையான தகவல்களைச் சுமந்திருந்த நினைவகச் சில்லு ஒன்றும் அதே கம்பிகளில் இருந்தது. தட்டிய தட்டலை அது "எழுது" என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த தகவலையே கெடுத்துக்கொண்டது. மறுமுறை பொத்தானை அழுத்தியபோது கணினி எழுந்திருக்கவில்லை. செய்தவர்களிடமே திருப்பி அனுப்பிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஆகவே, தெரியாத கதவைத் தட்டாதே, எழுதி வைத்த விலாசத்தைப் பார் என்பதே இன்றைய முறை.

அந்த விலாசம் எங்கே எழுதியிருக்கிறது? தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு நினைவகச் சில்லில், ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை நிரலோடு சேர்த்து எழுதியிருக்கிறது. பழக்கத்தில் பயாஸ் என்று சொல்கிறோமே, அதுதான். கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது இந்த ஃபர்ம்வேர். விண்டோஸோ லினக்ஸோ வந்து பொறுப்பேற்கும்போது, பழைய கிராணியார் புதியவரிடம் புத்தகத்தை ஒப்படைப்பதுபோல, தன் அட்டவணைகளை அவற்றிடம் ஒப்படைக்கிறது. இந்த அட்டவணைகளை எழுதும் முறைக்கு ஏ.சி.பி.ஐ. என்று பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1996 டிசம்பரில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டன.

இன்டெல் என்ற பெயர் நம் வீடுகளுக்குப் புதியதன்று. அந்த நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது 1972இல் பினாங்கில்தான். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குத் தோட்டப்புறத்திலிருந்து வேலைக்குப் போன அக்காமார் பலர். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லோடு இணைத்த கைகள் நம்மவர் கைகளும்தான். கம்பியை இணைத்தவர்களைப் பற்றிப் பேச்சு எழுவதே அபூர்வம். கம்பி எங்கே போகிறது என்று எழுதி வைப்பவரைப் பற்றியோ சொல்லவே வேண்டாம்.

சரி, டச்பேட்டுக்கு அட்டவணையில் என்ன எழுதியிருக்கும்? முதலில் பெயர். ஏ.சி.பி.ஐ.யில் ஒவ்வொரு பெயரும் நான்கு எழுத்துக்குள் அடங்க வேண்டும். நம் கடித உறையில் தோட்டம், டிவிஷன், லயம், கதவு எண் என்று படிப்படியாக எழுதுவது போல, இங்கேயும் முழு இயந்திரம், அதற்குள் இன்ன பாதை, அதில் இன்ன ஐ-டூ-சி கம்பி, அதில் தொங்கும் இந்தப் பலகை என்று முழு விலாசம் வரும். அதன் கீழே இரண்டு முக்கியமான வரிகள் இருக்கும். முதல் வரி, இந்தக் கம்பியில் இதன் எண் என்ன, எவ்வளவு வேகத்தில் இதனோடு பேசலாம் என்று சொல்லும். இரண்டாவது வரி, கூப்பிடும் கம்பி எது என்று சொல்லும்.

இந்தக் கூப்பிடும் கம்பியைச் சற்று விளக்க வேண்டும். விரல் பலகையில் பட்டதா, பட்டதா என்று கணினி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் வீணாகும். ஆகையால் பலகைக்குத் தனியாக ஒரு கம்பி கொடுத்திருப்பார்கள். விரல் பட்டதும் பலகை அந்தக் கம்பியை இழுத்து மணி அடிக்கும். அதன்பின் கணினி வந்து மற்ற இரண்டு கம்பிகளில் செய்தியை வாங்கிக்கொள்ளும். தாய்ப்பலகையில் இப்படிப்பட்ட கம்பி முனைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எந்த முனை டச்பேட்டுக்கு உரியது என்று அட்டவணைதான் சொல்ல வேண்டும். அதில் தவறான முனை எழுதியிருந்தால் என்ன ஆகும்? பலகை மணியடித்துக்கொண்டே இருக்கும். கணினியோ அடுத்த வீட்டு வாசலில் காது வைத்துக் காத்திருக்கும்.

இப்படிக் கம்பிகளையும் முனைகளையும் எழுதுவதற்குரிய இலக்கணம் ஏ.சி.பி.ஐ.யில் தொடக்கத்திலேயே இருக்கவில்லை. 2011 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை வாயுள்ள உறுப்புகளாகவே இருந்தன. கைத்தொலைபேசிக்கென்று செய்த சிக்கனமான சில்லுகள் மடிக்கணினிக்குள்ளும் வரத் தொடங்கியதும் விலாசப் புத்தகம் தடித்துவிட்டது.

இங்கே எனக்கு வியப்பூட்டும் ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பிலும் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது. அட்டவணையில் உள்ள எல்லா எண்களையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அட்டவணை கெட்டுப்போனது என்று பொருள். கிராணியார் புத்தகத்தில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போடுவது போலத்தான். ஆனால் கூட்டல் சரியாக இருந்துவிட்டால் புத்தகத்தில் எழுதியதெல்லாம் உண்மையாகிவிடுமா? தவறான முனையின் எண்ணை எழுதி, அதையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு நேராகவே வரும். கூட்டலைச் சரிபார்க்க இயந்திரத்திற்குத் தெரியும். எழுதிய கம்பி உண்மையான கம்பிதானா என்று பார்க்க அதற்கு வழியில்லை.

தவறு இருந்தும் விண்டோஸில் எப்படி வேலை செய்தது என்பது அடுத்த கேள்வி. மடிக்கணினி செய்பவர்கள் பெரும்பாலும் விண்டோஸை வைத்துத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்கென்று தாங்களே ஒரு துணை மென்பொருளையும் கொடுக்கிறார்கள். அட்டவணையில் பிசகு இருந்தால் அந்தத் துணை மென்பொருள் சத்தமில்லாமல் சரிக்கட்டிக்கொள்ளும். வேறொரு இயங்குதளம் புத்தகத்தை மட்டுமே நம்பி வரும்போதுதான் பிசகு வெளியே தெரிகிறது. லினக்ஸை வளர்ப்பவர்கள், "இன்ன மாதிரி இயந்திரத்தில் இன்ன வரியை நம்பாதே" என்று நீண்ட பட்டியல்களையே தங்கள் நிரலுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறர் எழுதிய புத்தகத்திற்குப் பிழைதிருத்தம் போடும் அலுப்பான வேலை. பலர் அதைச் சம்பளமில்லாமலே செய்கிறார்கள்.

மடிக்கணினியின் கேமராவில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது. சில இயந்திரங்களில் கேமராச் சில்லு ஓரிடத்தில், படத்தைத் தொகுக்கும் பகுதி வேறோரிடத்தில். இரண்டுக்கும் நடுவே எத்தனை கம்பிகள், எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு, கேமரா தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா நேராகவா என்றெல்லாம் எழுதியாக வேண்டும். முறையாக எழுதுவதென்றால் இரு பக்கமும் எழுத வேண்டும்: கேமராவின் பக்கத்தில் "என் மறுமுனை அங்கே" என்றும், தொகுக்கும் பகுதியின் பக்கத்தில் "என் மறுமுனை இங்கே" என்றும். கல்யாணப் பதிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் இருவருமே கையெழுத்திடுவது போல. ஆனால் விண்டோஸுக்கென்று செய்த பல இயந்திரங்களில் இந்த விவரத்தைப் பொது முறையில் எழுதாமல், தங்களுக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்தில் வைத்துவிட்டார்கள். அந்தச் சுருக்கெழுத்தைப் படித்து, பொது முறைக்கு மாற்றித் தரும் நிரல் லினக்ஸில் சேர்ந்தது 2021இல், 5.12ஆம் பதிப்பில். அதற்குமுன் அந்த மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டவர்களுக்குக் கேமரா இருந்தும் இல்லாத கதைதான்.

உங்கள் கையில் இருக்கும் தொலைபேசியில் பெரும்பாலும் ஏ.சி.பி.ஐ. இருக்காது. அங்கே டிவைஸ் ட்ரீ என்று வேறொரு முறை. உறுப்புகளை மரத்தின் கிளைகளாக எழுதுவதால் அந்தப் பெயர். அதன் வேர் 1994இல் தரநிலையான ஓப்பன் ஃபர்ம்வேர் என்னும் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. தொலைபேசிச் சில்லுகளுக்கு லினக்ஸ் எழுதியவர்கள் முதலில் இந்த முறையைப் பின்பற்றவில்லை. ஒவ்வொரு பலகையின் கம்பி விவரத்தையும் நிரலுக்குள்ளேயே எழுதிக்கொண்டு போனார்கள். புதுப்பலகை வரவர நிரலும் வீங்கியது. 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். அதன்பிறகுதான் கம்பி விவரத்தை நிரலிலிருந்து பிரித்துத் தனி ஏட்டில் எழுதும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

பள்ளிப் பிள்ளைகள் கையாளும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. 2014 முதல் அதன்மேல் பொருத்தும் துணைப்பலகைகளுக்கு ஒரு விதி வகுத்தார்கள்: பலகையிலேயே சிறு நினைவகச் சில்லு ஒன்று இருக்க வேண்டும், தன் கம்பி விவரத்தைத் தானே அதில் சுமந்துவர வேண்டும். அந்தச் சில்லின் எண் மட்டும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது. கணினி அந்த ஒரு கதவை மட்டும் தட்டினால் போதும். மற்ற விலாசமெல்லாம் உள்ளே இருக்கும். எல்லா உறுப்பையும் இப்படிச் செய்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு கூடினால் விலையும் கூடுமே!

இனி என் மருமகளின் மடிக்கணினிக்கு வருகிறேன். "மாமா, 400 வெள்ளி கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கையில் பிடிக்கும் மவுஸ் 15 வெள்ளிக்குக் கிடைக்கும், அதை வைத்தே சமாளிக்கிறேன்" என்று அந்தப் பெண் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். நல்ல வழிதான். ஆனாலும் காரணம் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

கணினி விழித்தெழும்போது நடப்பதையெல்லாம் லினக்ஸ் ஒரு நாட்குறிப்பில் எழுதும். அதைத் திறந்து பார்த்தோம். டச்பேட்டின் பெயர் அதில் இருந்தது. கூப்பிட்ட எண்ணுக்கு அது "உம்" கொட்டியும் இருந்தது. செத்த பலகை பதில் சொல்லுமா? அடுத்து, எந்தக் கூப்பிடும் கம்பியில் எத்தனை முறை மணி அடித்தது என்று காட்டும் கணக்கைப் பார்த்தோம். விசைப்பலகைக்கு ஆயிரக்கணக்கில் இருந்தது. டச்பேட்டுக்குப் பூஜ்யம். விரலால் தேய் தேய் என்று தேய்த்தும் பூஜ்யம். உயிர் இருக்கிறது, குரல் மட்டும் வந்து சேரவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த இயந்திரத்தைச் செய்தவர்களின் இணையப் பக்கத்தில் மாதிரி எண்ணைக் கொடுத்துத் தேடினோம். வாங்கிய கணினியில் இருந்த ஃபர்ம்வேரைவிடப் புதிய பதிப்பு ஒன்று இலவசமாகவே கிடந்தது. டச்பேட் குறை நீக்கப்பட்டது என்று அதன் குறிப்பில் ஒரே ஒரு வரி. அதைப் பென்டிரைவில் இறக்கி ஏற்றினோம். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: ஃபர்ம்வேர் எழுதப்படும்போது நடுவில் மின்சாரம் நின்றால் கணினி எழுந்திருக்காமலே போய்விடக்கூடும். மின்தடை வரும் இடத்தில் இருப்பவர்கள் மின்கலத்தை முழுதாக ஏற்றி, மின்கம்பியையும் சொருகி வைத்துக்கொண்டுதான் இதைத் தொட வேண்டும். மாதிரி எண் ஓர் எழுத்து மாறினாலும் தொடக் கூடாது. கைப்பழக்கம் இல்லையென்றால், "ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பார்த்தீர்களா? வேறு இயங்குதளத்தில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உறுப்பை மாற்றுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கழற்றும் பழைய உறுப்பையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் மருமகள் வாங்கி வைத்திருந்தாள். கணினி மறுபடி எழுந்து, புதுப்பலகையில் விரல் பட்டதும் அம்பு ஓடத் தொடங்கியபோது, அவள் பிஸ்கட் டின்னிலிருந்து பழைய பலகையை எடுத்துக்கொண்டு வந்தாள். "இதையும் போட்டுப் பாருங்கள் மாமா" என்றாள். கணினியை நிறுத்தி, மின்கலத்தைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து அதைப் பொருத்தினோம். கணக்கில் மணி ஒன்று, இரண்டு, பத்து, நூறு என்று ஏறியது. 180 வெள்ளிப் பலகை இப்போது பிஸ்கட் டின்னில் இருக்கிறது.